ஐயாவுக்கு வயசு பத்தொன்பது!

முப்பத்தாறில் பதினேழு போனால் எவ்வளவு? பத்தொன்பது. என் சித்தப்பா பையனுக்கு இப்போது அதுதான் வயசு. முன்மண்டை பாதி காலி, ஐந்தாம் வகுப்பு படிக்கிற பெண் வேறு இருக்கிறாள். சிரிக்காதீர்கள் சார், இது நான் போட்ட கணக்கில்லை, மத்திய சர்க்கார் போட்ட கணக்கு! பட்டாளத்திலிருந்து வெளியே வருகிறவர் மத்திய அரசின் 'குரூப் சி' வேலைக்கு மனுப் போட்டால், அசல் வயசிலிருந்து சர்வீஸ் வருஷங்களைக் கழித்துவிடுவார்கள். மிச்சம் வருவது அந்த வேலைக்கான உச்ச வயசைவிட மூன்று வருஷத்துக்கு மேல் கூடாமல் இருந்தால் சரி. தம்பி பத்தொன்பது வயசில் மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்குப் போனான். பதினேழு வருஷம் கழித்து வரப்போகிறான். இன்னும் பத்தொன்பதுதான். இதைக் கேட்டதிலிருந்து என் தர்மபத்தினி, "நீங்களும் போயிருக்கலாம்" என்று என் தலையையே பார்க்கிறாள்.

தமிழ்நாடு போலீஸில் இந்தக் கழித்தல் கிடையாது, ஒரே போடாக ஒரு வயசைச் சொல்லிவிடுகிறார்கள். 2023-ல் வந்த இரண்டாம் நிலைக் காவலர் அறிவிப்பில் பொதுப் பிரிவுக்கு 26, பிற்பட்ட, மிகவும் பிற்பட்ட வகுப்பினருக்கு 28, தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு 31. முன்னாள் படைவீரருக்கு மட்டும் 47. தம்பிக்கு இதுவும் சரி, அதுவும் சரி. அப்புறம் என்ன கஷ்டம் என்கிறீர்களா? அதற்குத்தான் வருகிறேன்.

எங்கள் ஊர் திருப்பாலைவனம். பேரைக் கேட்டதும் "ராஜஸ்தான் பக்கமா சார்?" என்று கேட்ட ஆபீஸ் நண்பர்கள் உண்டு. பொன்னேரியிலிருந்து பழவேற்காடு போகிற ரோட்டில் இருக்கிறது. பாலைவனம் பேரில்தான், பக்கத்தில் ஏரி, ஏரிக்கு அப்பால் கடல். ஏரிக்கரைக் குப்பங்களில் வலை அறுந்து தகராறு வந்தாலும் சரி, வாய்த் தகராறு முற்றினாலும் சரி, எங்கள் ஊர் போலீஸ் ஸ்டேஷனுக்குத்தான் வந்தாக வேண்டும். ஆகவே போலீஸ் வேலை என்றால் எங்கள் பக்கத்தில் தனி மரியாதை.

தம்பி லீவில் வந்தபோது டீக்கடையில் அத்தனை பேரும் ஒரே குரலாகச் சொன்னார்கள். "உனுக்கு இன்னா நைனா, மிலிட்டரிக்காரன்! போலீஸ் வேலை வூடு தேடி வரும்."

வராது. சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தில் முன்னாள் படைவீரருக்கு ஒதுக்கீடு 5 சதவிகிதம். 2023 அறிவிப்பில் காவலர், சிறைக் காவலர், தீயணைப்பாளர் எல்லாம் சேர்த்து 3,359 இடங்கள். நேராகக் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட நூற்று அறுபத்தெட்டு. தமிழ்நாடு முழுவதற்கும் சேர்த்து! காஷ்மீரிலும் அஸ்ஸாமிலும் நின்றுவிட்டு வருகிற நம்ம ஊர்க்காரர்கள் எல்லோரும் இந்த வாசலில்தான் முட்ட வேண்டும்.

இதில் ரொம்ப முக்கியமான விஷயம் தேதி. 'முதல்ல வெளியே வரட்டும், ரெண்டு மாசம் ரெஸ்ட் எடுத்துட்டு மெதுவாப் பார்ப்போம்' என்று நினைக்கிற ஆசாமிதான் மாட்டிக்கொள்கிறார். மத்திய அரசு விதிப்படி, சர்வீஸ் முடிய ஒரு வருஷம் இருக்கும்போதே, இன்னும் உடுப்பில் இருக்கும்போதே மனுப் போடலாம். அதற்கு யூனிட்டிலிருந்து 'ஆட்சேபணை இல்லை' என்று ஒரு சர்டிபிகேட் வேண்டும். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் வீட்டிலிருந்து நானே ஒரு தடவைகூட வாங்காத சர்டிபிகேட் அது! தம்பிக்கு அந்த ஒரு வருஷத்தில் மூன்று மாசம் ஏற்கெனவே பனிமலையில் கரைந்துவிட்டது. போலீஸ் அறிவிப்போ தீபாவளி மாதிரி வருஷா வருஷம் தேதி தவறாமல் வருகிற சமாசாரமில்லை. வந்த அன்றைக்கு கையில் காகிதம் இருக்க வேண்டும்.

அடுத்தது அந்த வார்த்தை, 'முன்னாள் படைவீரர்'. படையில் இருந்துவிட்டு வந்தவரெல்லாம் முன்னாள் படைவீரர்தானே என்று நீங்களும் நானும் நினைப்போம். விதி அப்படி நினைக்கவில்லை. பென்ஷனோடு வந்தவர், சர்வீஸால் வந்த உடல் கோளாறுக்காக அனுப்பப்பட்டவர், ஆள்குறைப்பில் வந்தவர் என்று அதற்கு ஒரு பட்டியல் இருக்கிறது. சிப்பாய்க்குப் பென்ஷன் வர 15 வருஷம் வேண்டும். பத்தாவது வருஷத்தில் 'போதுமடா சாமி' என்று தானாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவர் இந்தப் பட்டியலில் இல்லை.

சித்தப்பாவின் பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் அக்னிவீரன். 2022-ல் வந்த திட்டம் அது. நாலு வருஷம் சர்வீஸ். நாலில் ஒரு பங்கு பேர்வரைதான் உள்ளே நிறுத்திக்கொள்வார்கள். மற்றவர்களுக்குக் கையில் சுமார் 11.71 லட்சம். பென்ஷன் கிடையாது, முன்னாள் படைவீரர் அந்தஸ்தும் கிடையாது. தரைப்படையில் முதல் அணிக்குப் பயிற்சி ஆரம்பித்தது 2023 ஜனவரியில், நாலு வருஷம் என்றால் 2027 தொடக்கத்தில் கணக்கு முடிகிறது. அவனும் தம்பியும் ஒரே மாதிரி துப்பாக்கியைத்தான் துடைத்தார்கள். வெளியே வரும்போது ஒருவன் முன்னாள் படைவீரர், இன்னொருவன் வெறும் முன்னாள்! மத்திய ஆயுதப் படைகளில் இவர்களுக்கென்று 10 சதவிகிதம் ஒதுக்கினார்கள். மாநில போலீஸில் ஹரியானா 2024-ல் 10 சதவிகிதமும், உத்தரப் பிரதேசம் 2025-ல் 20 சதவிகிதமும் அறிவித்தன. நம்ம பையனுக்கு நான் சொன்னது இதுதான். "நீ வெளியே வரும்போது உனக்கு இருபத்தி ரெண்டு. எல்லாரும் போற பொது வரிசையிலேயே உனக்கு இடம் இருக்கு. அந்த 5 சதவிகிதத்தை நம்பி வயசைக் கடத்திடாதே."

பரீட்சைக்கு வருவோம். ஓட்டத்தைப் பற்றித் தம்பிக்குக் கவலையே இல்லை. பொது வரிசையில் வருகிற ஆண்களுக்கு 1500 மீட்டரை 7 நிமிஷத்தில் ஓட வேண்டும். அப்புறம் கயிறு ஏற வேண்டும். ஐந்து மீட்டருக்கு ஒரு நட்சத்திரம், ஆறு மீட்டருக்கு இரண்டு. முன்னாள் படைவீரருக்கு அளவுகள் வேறே. விடியற்காலையில் கடற்கரை மணலில் குப்பத்துப் பையன்களோடு ஓடி, அவர்களை மூச்சு வாங்க வைத்துவிட்டு, "ஸ்லோவா வந்தேண்ணா" என்கிறான். (ஏரியிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு நீச்சலில் ஒரு மார்க்காவது வைக்கக்கூடாதா என்று எனக்கு ஒரு ஆதங்கம். யார் கேட்கிறார்கள்?)

அவனை உலுக்கியது தமிழ்! 2022-லிருந்து தமிழ் மொழித் தகுதித் தேர்வு என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். 80 கேள்விக்கு 80 மார்க். நாற்பது சதவிகிதம், அதாவது 32 வாங்கினால்தான் அடுத்த தாளையே திருத்துவார்கள். பதினேழு வருஷம் 'டீக் ஹை சாப்' என்று வாழ்ந்தவனுக்கு வினைத்தொகையையும் வேற்றுமை உருபையும் கொண்டு போய் நீட்டினால்? அவன் பெண் பிரம்பு எடுக்காத குறையாகப் பாடம் நடத்துகிறாள்.

"அப்பா, இந்த இடத்துல ஒற்று மிகுமா, மிகாதா?"

"ஆர்டர் என்னம்மா? அதைச் சொல்லு. மிகச் சொன்னா மிகட்டும்."

அடுத்த தாள் 70 மார்க். பொது அறிவு 45, உளவியல் 25. அந்த உளவியலில், இந்த எண்ணுக்கு அடுத்து என்ன எண், இவருக்கு அவர் என்ன உறவு என்றெல்லாம் கேட்பார்கள். உறவுக் கேள்விகளை என் மனைவியிடம் விட்டுவிட்டோம். கல்யாண வீடுகளில் அவளுக்கு அதுதானே வேலை!

இதெல்லாம் ஒரு பக்கம் இருக்க, நடுவில் ஒரு பாங்க்கிலிருந்து செக்யூரிட்டி கார்டு வேலைக்கு லெட்டர் வந்துவிட்டது. அங்கேதான் வீடு ரெண்டாகிப் போச்சு.

தம்பி மனைவி பாங்க் கட்சி. "மாமா, பாங்க்னா உக்காந்த வேலை. ஞாயித்துக்கிழமை வீட்ல இருப்பாரு. பதினேழு வருஷம் பொங்கலுக்கு நானும் பாப்பாவும் மட்டும்தான். போலீஸ்னா மறுபடியும் பந்தோபஸ்துதானே?" என்கிறாள். அவள் கேட்பதில் என்ன தப்பு? சித்தப்பா ஊர்க்கட்சி. ஏரியில் குலுக்கல் போட்டு முறை வைத்து வலை கட்டுகிற 'பாடு' பழக்கத்தில் வளர்ந்தவர். ஆனால் அவரே, "முகத்துவாரம் மணல் மூடிப் போச்சுன்னா ஏரில இன்னா கீது? வலையத் தொடாத, சர்க்கார் சம்பளத்துக்குப் போ" என்கிறார்.

தம்பி போலீஸ் கட்சி. ஆரம்பச் சம்பளம் 18,200 ரூபாய் என்கிற நிலையில், தன் வயசில் பாதியைக் கொஞ்சம் தாண்டிய சப்-இன்ஸ்பெக்டருக்கு சல்யூட் அடிக்க வேண்டிவரும். "அது பரவால்லண்ணா. அங்க இருபத்தி நாலு வயசு லெப்டினென்ட்டுக்கு அடிக்கலியா? பாங்க் வாசல்ல ஸ்டூல் போட்டு உக்காந்தா எனக்குத் தூக்கம் வந்துடும். தூங்குனா துப்பாக்கி போயிடும்" என்றான்.

விஷயம் என்னவென்றால், முன்னாள் படைவீரர் சலுகை ரேஷன் மாதிரி மாசா மாசம் வருவதில்லை. மத்திய அரசு விதிப்படி, அந்தச் சலுகையில் ஒரு சிவில் வேலையில் சேர்ந்துவிட்டால், அடுத்த வேலைக்கு முன்னாள் படைவீரர் என்று சொல்லி நிற்க முடியாது. ஆனால் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். சேருவதற்கு முன்பே எந்தெந்த வேலைக்கு, எந்தெந்தத் தேதியில் மனுப் போட்டோம் என்று வரிசையாக எழுதி, சேருகிற இடத்தில் உறுதிமொழியாகக் கொடுத்துவிட வேண்டும். அந்த லிஸ்ட்டில் இருக்கிற வேலைகளுக்குச் சலுகை அப்படியே நிற்கும். இது பல பேருக்குத் தெரியாமலே போகிறது. கிடைத்ததில் சேர்ந்துவிட்டு, அப்புறம் நல்ல அறிவிப்பு வரும்போது கையைப் பிசைகிறார்கள். மாநில அறிவிப்பு வந்தால் அதில் இதற்கு என்ன போட்டிருக்கிறது என்று தனியாக ஒரு தடவை வரி விடாமல் படித்துவிட வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை திண்ணையில் உட்கார்ந்து அந்த லிஸ்ட்டைப் போட்டோம். மத்தியப் படையில் ஒன்று, ரயில்வேயில் ஒன்று, பாங்க்கில் இரண்டு. தேதிகளை நான் சொல்லச் சொல்ல அவன் எழுதினான். காவலர் வேலைக்கு மட்டும் ஒரு வரியைக் காலியாக விட்டிருக்கிறான். பாங்க்கில் சேர அடுத்த மாசம் இருபதாம் தேதி வரை டயம். அதற்குள் அறிவிப்பு வந்தால் அந்த வரி ரொம்பும்.

தம்பி மனைவி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு அந்தக் காலி வரியையே பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. பெண்தான் காகிதத்தை வாங்கிப் படித்துப் பார்த்து, இரண்டு இடத்தில் ஒற்று போட்டுக் கொடுத்தாள்.