பட்டா நிலத்தில் அரசாங்கப் பன்றி

நள்ளிரவில் தோட்டத்துக்குள் ஒரு துப்பாக்கிச் சத்தம். நாய் குரைத்து ஓய்கிறது. சில்வர் ஓக் மரங்களுக்கு ஊடே இரண்டு மூன்று நெற்றி விளக்குகள் அசைகின்றன. அந்த மரங்களில் மிளகுக் கொடி ஏற்றி, நடுவே காபி வைத்திருக்கும் பட்டாதாரர் என்ன செய்வார்? வெளியே வந்து 'யார்றா அது?' என்று குரல் கொடுப்பார் என்று கீழே சமவெளியில் இருப்பவர்கள் நினைக்கலாம். பெரும்பாலும் அவர் வீட்டு விளக்கை அணைத்துவிட்டுக் கதவுத் தாழ்ப்பாளை இன்னொரு தரம் தொட்டுப் பார்த்துக்கொள்வார். விடிந்ததும் போய்ப் பார்த்தால் வேலிக் கம்பி அறுபட்டிருக்கும். காபிச் செடியின் அடியில் கருகிய தேங்காய் நார் கொஞ்சம் கிடக்கும். எதையோ இழுத்துக்கொண்டு போன தடத்தில் ரத்தம் உறைந்திருக்கும். மண்வெட்டியால் நாலு தள்ளு மண் தள்ளி அதை மூடிவிட்டு, அவர் மிளகு பறிக்க ஆள் கூப்பிடப் போய்விடுவார். போலீஸுக்கும் சொல்லமாட்டார், வனத்துறைக்கும் சொல்லமாட்டார்.

அந்த நாலு தள்ளு மண்ணைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை. கொல்லிமலையில் வேட்டைக்காரனுக்குத் துணிச்சல் தருவது துப்பாக்கி என்று சொல்கிறோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நிலத்துக்காரர் வாயைத் திறக்கமாட்டார் என்ற நிச்சயம்தான் அவனுக்குத் துணிச்சல். அந்த மௌனத்தை உண்டாக்கியதில் சட்டத்துக்கும் பங்கு உண்டு, அலுவலகங்களுக்கும் பங்கு உண்டு.

தேங்காய் நார் எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். நாட்டுத் துப்பாக்கிக்குத் தோட்டா கிடையாது. குழலின் வாய் வழியே கரிமருந்தைக் கொட்டி, நாரைத் திணித்து, கம்பியால் இடித்து, மேலே பால்ரஸ் குண்டுகளைப் போட்டு, மறுபடி நார் வைத்து இடிக்க வேண்டும். ஒருமுறை சுட்டால் அடுத்த தடவைக்கு இத்தனையும் திரும்பச் செய்தாக வேண்டும். அதனால் வேட்டைக்காரன் கிட்டே போய், ஒரே வெடியில் விழும்படிதான் சுடுவான். இருட்டில், செடி மறைவில் அசைவதைப் பார்த்துச் சுடுகிறவனுக்குப் பன்றிக்கும் பாத்தியில் தண்ணீர் திருப்பப் போன மனிதனுக்கும் வித்தியாசம் தெரியாமல் போக அரை நொடி போதும்.

வேட்டை இந்த மலைக்குப் புதிதல்ல. இதன் பெருமையே ஒரு வேட்டைக் கதையில்தான் தொடங்குகிறது. இந்த மலையை ஆண்ட வல்வில் ஓரி விட்ட ஒற்றை அம்பு யானையை வீழ்த்தி, புலியை ஊடுருவி, மானை உருட்டி, காட்டுப்பன்றியைச் சாய்த்து, கடைசியில் புற்றில் கிடந்த உடும்பில் போய்த் தைத்தது என்று வன்பரணர் பாடியது புறநானூற்றின் 152-ஆம் பாட்டு. ஒவ்வோர் ஆண்டும் ஆடி 17, 18 தேதிகளில் செம்மேட்டில் அரசே ஓரிக்கு விழா எடுக்கிறது. வில்வித்தைப் போட்டியும் நடக்கிறது. இன்று அந்த ஐந்து உயிர்களும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் இருக்கின்றன. யானை, புலி, உடும்பு மூன்றும் முதல் அட்டவணை. புள்ளிமானும் காட்டுப்பன்றியும் இரண்டாவது. அந்த அம்பை ஓரி இன்று விட்டிருந்தால் உடும்பு ஒன்றுக்கே மூன்று ஆண்டுக்குக் குறையாத சிறை. யானையும் புலியும் இப்போது இந்த மலையில் இல்லை. பன்றி இருக்கிறது, ஏராளமாக.

கொங்குப் பகுதியில் 'காட்டுக்குப் போறேன்' என்றால் வயலுக்குப் போகிறேன் என்றே பொருள். சோளக்காடு, கடலைக்காடு எல்லாம் உழுது விதைத்த நிலங்கள். வனமும் காடு, வயலும் காடு. கொல்லிமலையின் கிடப்பும் அப்படித்தான். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி மேலே வந்தால் சரிவெல்லாம் காப்புக்காடு; அதன் நடுவே வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, தின்னனூர் நாடு என்று நாடு நாடாக மலையாளிப் பழங்குடியினரின் பட்டா நிலங்கள். சாமையும் கேழ்வரகும் விளைந்த இடங்களில் மரவள்ளியும் அன்னாசியும் மிளகும் காபியும் வந்துவிட்டன. மரவள்ளிக் கிழங்கும் பலாவும் இருக்கிற இடத்துக்குப் பன்றிக்கு யாரும் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டியதில்லை. பன்றி வரும் வழியில்தான் வேட்டைக்காரனும் வருகிறான்.

இங்கேதான் சட்டத்தின் விசித்திரம் தொடங்குகிறது. இங்கிலாந்தில் இரவு நேரத்தில் ஆயுதத்தோடு பிறர் நிலத்தில் வேட்டைக்குப் புகுவதைத் தனிக் குற்றமாக்கி 1828-லேயே சட்டம் போட்டார்கள். அமெரிக்காவின் டெக்சஸ், மிசௌரி போன்ற மாநிலங்களில் எல்லை மரத்தில் ஊதா நிறப் பெயின்ட் அடித்துவிட்டால், 'உள்ளே வராதே' என்று பலகை வைத்ததற்குச் சமம். அங்கெல்லாம் கேள்வி ஒன்றுதான்: நிலத்துக்காரர் அனுமதித்தாரா, இல்லையா? நம் ஊரில் அவர் அனுமதிக்கு மதிப்பே இல்லை. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 9-ஆவது பிரிவு வேட்டையை எங்கும் தடுக்கிறது. காப்புக்காடானாலும் பட்டா நிலமானாலும் ஒன்றுதான். கண்ணி வைப்பதும் வேட்டை, முயன்று தோற்பதும் வேட்டை. 39-ஆவது பிரிவின்படி வேட்டையாடப்பட்ட விலங்கு அரசின் சொத்து. நிலம் உங்களுடையது, வேலி உங்களுடையது, தின்னப்பட்ட மரவள்ளி உங்களுடையது. செத்துக் கிடக்கும் பன்றி மட்டும் அரசாங்கத்தினுடையது.

இந்தத் தடை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால், நிலத்துக்காரரை இது எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்று பார்க்க வேண்டும். அவர் பாதிக்கப்பட்டவர். அலுவலகத்தில் போய் நின்றாலோ முதல் சந்தேகம் அவர் மேலேயே விழுகிறது. ஒருவரின் கைவசமோ கட்டுப்பாட்டிலோ வன விலங்கின் இறைச்சி இருந்தால், அது முறைகேடானது என்றே சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். அப்படி இல்லை என்று காட்டுவது அவர் பொறுப்பு என்கிறது 57-ஆவது பிரிவு. தோட்டத்தின் மூலையில் பாதி அறுத்த பன்றி கிடந்தால் எந்தக் குடியானவருக்கும் கை நடுங்கத்தான் செய்யும். இதற்கு மேல் அலைச்சல்: விலங்கு வனத்துறைக்கு, துப்பாக்கி காவல்துறைக்கு, நிலத்தின் எல்லை கிராம நிர்வாக அலுவலருக்கு. மூன்று கதவையும் தட்டிவிட்டு வருவதற்குள் இரண்டு நாள் கூலி போய்விடும். நாலு தள்ளு மண் மலிவு.

இன்னொரு காரணம் உண்டு. வெளியே சொல்லக் கூச்சப்படும் காரணம். வந்தவன் சுட்டது பன்றியை. நேற்று வரை அரை ஏக்கர் கிழங்கைக் கிளறிப் போட்ட அதே பன்றியை. நிலத்துக்காரர் மனத்துக்குள் ஒரு நிம்மதி. அத்துமீறியவன் மேல் கோபமும் 'ஒன்று ஒழிந்தது' என்ற ஆறுதலும் ஒரே நெஞ்சில் இருந்தால் புகார் எங்கிருந்து வரும்?

பன்றித் தொல்லைக்கு அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்லமுடியாது. 2025 ஜனவரியில் தமிழக அரசு ஓர் ஏற்பாட்டை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை பன்றியைச் சுடக்கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். மூன்றுக்கு மேல் வனத்துறையே சுடலாம். சமவெளியில் இந்தக் கணக்குச் சரி. காப்புக்காடு சுற்றிவளைத்த மலையில், ஒரு சரிவில் தோட்டமும் எதிர்ச் சரிவில் வனமுமாக வாழ்கிறவருக்கு மூன்று கிலோமீட்டர் எங்கே கிடைக்கும்? தொல்லை அதிகமுள்ள இடத்தில்தான் தீர்வு எட்டாமல் நிற்கிறது.

பழைய சட்டங்களும் ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டியே நிற்கின்றன. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தைப் புரட்டினால், பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்வழி மருந்து இடிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் தரலாம் என்று இருக்கிறது. அதை வைத்துப் பன்றியைச் சுட்டால் வன உயிரினச் சட்டம் பிடிக்கும். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் பழங்குடியினரின் பாரம்பரிய உரிமைகளை அங்கீகரித்தது. வேட்டையை மட்டும் வெளிப்படையாக விலக்கிவைத்தது. மலையாளி மக்களுக்கு வேட்டை நேற்றுவரை வழக்கம், இன்று வழக்கு. இடைப்பட்ட காலத்தில் பேசவும் புரியவைக்கவும் வேண்டிய யாரும் மலையேறி வந்ததாகத் தெரியவில்லை.

ஆகையால் 'அத்துமீறும் வேட்டைக்காரர்' என்று எல்லாரையும் ஒரே கயிற்றில் கட்டக்கூடாது. பக்கத்துத் தோட்டத்துப் பங்காளி முயலுக்குச் சுருக்கு வைப்பது ஒன்று. கீழிருந்து வண்டியில் வந்து, வேலியை அறுத்து, பன்றியை உரித்துக் கறியாக விற்பது வேறு. முன்னதற்கு ஊர்க் கூட்டமும் எச்சரிக்கையும் பெரும்பாலும் போதும். பின்னது வியாபாரம், அதற்குச் சந்தை வேண்டும். வார விடுமுறைக்கு அருவி பார்க்க வந்து, தங்கும் விடுதியில் 'காட்டுக்கறி கிடைக்குமா?' என்று காதோடு கேட்கிறவர்தான் அந்தச் சந்தை. அந்தக் கறியை வாங்குவதும் குற்றம் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்தாலும் ஒரு தட்டுக் கறிக்கு யார் பிடிக்கப் போகிறார் என்ற நினைப்பு. மலைக்கு ஏறும் முக்கியமான சாலைகள் இரண்டு: காரவள்ளி வழி ஒன்று, முள்ளுக்குறிச்சி வழி இன்னொன்று. இரண்டு சாலைகளிலும் இரவில் இறங்கும் வண்டிகளைப் பார்ப்பது ஆயிரம் தோட்டங்களுக்குக் காவல் போடுவதைவிடச் சுலபம்.

பொறுமை இழந்த சிலர் தாங்களே தீர்ப்பு எழுதக் கிளம்புகிறார்கள். வேலியில் திருட்டு மின்சாரம் பாய்ச்சுவது அதில் ஒன்று. 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே அப்படியொரு வேலியில் சிக்கி மூன்று யானைகள் செத்தன, நிலத்துக்காரர் கைதானார். அந்தக் கம்பியில் மனிதன் சிக்கினால் அது கொலை வழக்கு வரை போகும். இன்னொன்று, விளக்கைப் பிடித்துக்கொண்டு நேரே போய் மறிப்பது. மருந்து இடித்த துப்பாக்கியோடு பதற்றத்தில் நிற்கிறவன் முன்னால் அதைச் செய்ய வேண்டாம். வண்டி எண், வந்த நேரம், போன திசை, கிடந்த நாரும் ரத்தமும், அறுந்த வேலியின் படம் ஆகியவை போதும்.

சட்டத்தில் நிலத்துக்காரர் பக்கம் சாய்கிற இடங்களும் இருக்கின்றன. குற்றம் செய்யும் நோக்கத்தோடு பிறர் நிலத்தில் புகுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 329-ஆவது பிரிவில் குற்ற அத்துமீறல். வேட்டையே குற்றம் என்பதால் நோக்கத்தைத் தனியாகத் தேட வேண்டியதில்லை. உரிமமில்லாத துப்பாக்கி வைத்திருந்தால் ஆயுதச் சட்டத்தில் இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. வன உயிரினச் சட்டத்தில் பன்றி வேட்டை பல நேரம் அபராதத்தோடு இணக்கமாகி முடிந்துவிடும். துப்பாக்கி வழக்கு அப்படி முடியாது. எனவே வனத்துறையும் காவல்துறையும் தனித்தனியே எழுதாமல், ஒரே புகாரில் இரண்டு வழக்கும் பிறக்க வேண்டும். அரசின் சொத்தான விலங்கு கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்கச் சொல்கிறது அதே 39-ஆவது பிரிவு. அந்தக் கெடுவுக்குள் தானாக வந்து சொன்னவரைச் சாட்சியாக மட்டுமே நடத்துவோம் என்று மாவட்ட வன அலுவலர் எழுத்தில் ஓர் அறிவிப்பு கொடுத்தால், மண்வெட்டிக்கு வேலை பாதி குறையும். பயிர்ச் சேதத்துக்கான இழப்பீட்டை அடுத்த விதைப்புக்கு முன்னால் கையில் கொடுத்தால் மீதியும் குறையும்.

உரிமமில்லாத துப்பாக்கியைத் தாமாகக் கொண்டுவந்து ஒப்படைத்தால் வழக்கு இல்லை என்று மலைக் கிராமங்களில் காவல்துறை அவ்வப்போது அறிவிப்பதுண்டு. ஆள் தெரியாமல் ஊர் எல்லையில் துப்பாக்கியைப் போட்டுவிட்டுப் போகிறவர்களும் உண்டு. அதற்கு ஒரு நாள் குறிப்பதானால் ஆடி 18-ஐவிடப் பொருத்தமான நாள் கொல்லிமலைக்குக் கிடையாது. மாவட்ட ஆட்சியருக்கு ஒரு விண்ணப்பம்: அடுத்த ஓரி விழாவில், வில்வித்தைத் திடலுக்குப் பக்கத்தில் ஒரு மேசை போடுங்கள். வனச் சரகர், காவல் ஆய்வாளர், வருவாய்த்துறை அலுவலர் மூவரையும் அங்கே ஒன்றாக உட்கார வையுங்கள். துப்பாக்கியைக் கொடுக்க வருகிறவரும், வேலி அறுபட்டதைச் சொல்ல வருகிறவரும், மரவள்ளி போனதற்கு மனு எழுத வருகிறவரும் அந்த ஒரே மேசைக்கு வரட்டும்.