கழுவிக் கழுவிக் கெடுப்பதா?

கிருமி என்றாலே பகை என்று பள்ளிகளில் கற்பித்து வந்திருக்கிறோம். அந்த அரை உண்மையைப் பற்றிக்கொண்டு வணிகர் கூட்டம் ஒன்று நம் பெண்மக்களிடம் பொருள் பறித்து வருகிறது. மருந்துக் கடைகளில் 'பெண்மைத் தூய்மை' என்னும் பெயரால் அடுக்கப்பட்டிருக்கும் கழுவுநீர்க் குப்பிகளையே குறிப்பிடுகிறேன். வெற்றிலைச் சாறு, மாசிக்காய், மலர்மணம் என்று அவற்றிற்குத்தான் எத்தனை ஒப்பனை!

யோனி அழுக்குத் தங்கும் இடமன்று. தன்னைத் தானே காத்துக்கொள்ளும் ஆற்றல் அதற்கு உண்டு. அக்காவலில் பெரும்பங்கு வகிப்பவை, 1892ஆம் ஆண்டிலேயே ஜெர்மானிய மகப்பேற்று மருத்துவர் ஆல்பர்ட் டோடர்லைன் கண்டு எழுதிய நுண்ணுயிர்கள். லாக்டோபாசில்லஸ் என்று இன்று வழங்கும் அவ்வினம், பாலைத் தயிராக்கும் நுண்ணுயிர்களுக்கு உறவுடையது. பருவமெய்திய பெண்ணின் உடலில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன், யோனிச் சுவரில் கிளைக்கோஜன் என்னும் மாவுப்பொருளைச் சேர்த்து வைக்கிறது. அது சிதைந்து வரும் சர்க்கரையை உண்டு இந்நுண்ணுயிர்கள் லாக்டிக் அமிலத்தை உண்டாக்குகின்றன. அதனால் அங்கே பி.எச். அளவு ஏறத்தாழ 3.8 முதல் 4.5 வரை நிற்கிறது. தீங்கிழைக்கும் கிருமிகள் பல அப்புளிப்பில் தழைக்கமாட்டா. (எல்லாப் பெண்களிடமும் இவ்வினமே மிகுந்திருக்கும் என்பதன்று, நோய்க்குறி எதுவுமில்லாத பெண்கள் சிலரிடம் இது குறைவாகவே இருப்பதை 2011இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று காட்டியது.)

இக்காவலரைத்தான் கழுவுநீரால் அடித்துச் செல்கிறோம். உட்புறத்தைக் கழுவக் கழுவ அமிலம் குன்றுகிறது. பிற நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. சாம்பல் நிறக் கசிவும் மீன் நாற்றமும் தோன்றுகின்றன. அப்பெண் என்ன நினைக்கிறாள்? தான் இன்னும் தூய்மையாகவில்லை என்று நாணி, இன்னொரு குப்பி வாங்குகிறாள்! நோயையும் வளர்த்து, அதற்கு மருந்தென்று அந்நோயின் காரணத்தையே விற்கும் இவ்வணிகத்தை என்னென்பது? 1930களில் அமெரிக்காவில் லைசால் என்னும் கிருமிநாசினியையே பெண்களின் உட்தூய்மைக்கென விளம்பரம் செய்தனர். குப்பியின் நிறம் மாறியிருக்கிறது. அச்சுறுத்தி விற்கும் முறை மாறவில்லை. வெளிப்புறத்தை நீரால் கழுவினால் போதும். உட்புறத்திற்கு அதுவும் வேண்டா.

"இலக்கணமும் இலக்கியமும் கற்பிக்கும் தமிழாசிரியர்க்கு இப்பேச்சு எதற்கு?" என்று முகஞ்சுளிப்போர் உண்டு. அவர்களைக் கேட்கிறேன்: பதினைந்து வயது மாணவி ஒருத்தி, இயல்பான வெள்ளைப்படுதலைக் கண்டு உடலின் சத்தெல்லாம் வெளியேறுவதாக அஞ்சினால், அவள் எந்தச் சொல்லால் தாயிடம் கூறுவாள்? நிறம் மாறி, நாற்றமும் அரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வரும் கசிவு வேறு என்று அவளுக்கு யார் பிரித்துணர்த்துவார்? யோனி என்னும் சொல்லை வாயால் சொல்லக் கூசும் வகுப்பறையிலிருந்து செல்பவள், மருத்துவரிடமும் கூசுவாள். கேள்வி எதுவும் கேட்காத கடை அடுக்கே அவளுக்கு எளிதாகிவிடுகிறது. அவளைத் தாக்கியிருப்பது பாக்டீரியாவா காளானா என்று அந்த அடுக்குக்குத் தெரியாது. இரண்டிற்கும் மருந்து வெவ்வேறு. கருவுற்ற காலத்தில் முன்னதைக் கவனியாது விட்டால் குறைமாதப் பேறு நேரும் வாய்ப்பும் கூடுகிறது.

தயிர் உண்டால் தீருமே என்பார்க்கும் ஒரு சொல்: தயிரிலுள்ள இனங்கள் வேறு, யோனியில் வாழ்வன பெரும்பாலும் வேறு. தயிர் நல்ல உணவு, உண்ணட்டும். நாற்றமும் அரிப்பும் கண்டால் மருத்துவரிடமே செல்லட்டும்.