தத்துவம் படித்தால் சோறு கிடைக்குமா?



சென்ற மாதம் பள்ளிபாளையத்தில் விசைத்தறி ஓட்டும் ஒரு சகோதரரின் வீட்டுக்குப் போயிருந்தேன். மகன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவன், நல்ல மதிப்பெண். சென்னைக்குப் போய்த் தத்துவம் படிக்க வேண்டும் என்கிறான். "எல்லாப் பிள்ளைகளும் கம்ப்யூட்டர் படிக்குது. இவனுக்கு மட்டும் ஏன் பாய் இப்படிப் புத்தி போகுது?" என்றார் அத்தா. தறிச் சத்தத்தில் கத்தித்தான் பேசினார். உடனிருந்த பெரியவர் ஒருவர், "அதைப் படிச்சா ஈமானும் போயிடும்" என்று ஒரு போடு போட்டார். பையன் தலைகுனிந்து நின்றான்.

ஈமான் போய்விடுமாம்! இமாம் கஸ்ஸாலி (ரஹ்) என்ன செய்தார்கள்? பாக்தாத் நிஜாமிய்யா மதரஸாவில் பாடம் நடத்திக்கொண்டே, கிடைத்த ஓய்வு நேரத்தில் ஏறத்தாழ இரண்டாண்டு காலம் தத்துவ நூல்களைத் தாமே படித்தார்கள். தத்துவவாதிகள் என்ன சொல்கிறார்கள் என்று முதலில் ஒரு நூல் எழுதினார்கள். பிறகுதான் மறுத்து எழுதினார்கள். ஒரு கலையை முழுமையாகக் கற்காமல் மறுப்பது இருட்டில் கல்லெறிவது போல என்பது அவர்களின் கருத்து. அந்த மறுப்புக்கும் மறுப்பு எழுதிய இப்னு ருஷ்து யார்? செவில், குர்துபா நகரங்களில் காஜியாக இருந்தவர்! இரண்டு பக்கமும் நின்றவர்கள் மார்க்கச் சட்ட மேதைகள். நாமோ புத்தகத்தைத் திறக்கும் முன்பே பயப்படுகிறோம்.

வணிகர்களே, இனி உங்களுக்கு ஒரு செய்தி.

சென்னையில் ஜமால் முஹம்மது சாகிப் என்ற தோல் வணிகர் இருந்தார். திருச்சியில் 1951-ல் தொடங்கப்பட்ட கல்லூரி அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. 1920-களில் சென்னையில் அறிஞர்களை வரவழைத்துச் சொற்பொழிவுகள் நடந்தன. 1925-ல் சுலைமான் நத்வி, 1927-ல் பிக்தால், 1929 ஜனவரியில் அல்லாமா இக்பால். இக்பாலை அழைக்க முன்னின்று செலவை ஏற்றவர் ஜமால் முஹம்மதுதான்.

இக்பால் சென்னையில் பேசியது அரசியல் அல்ல. அறிவும் மார்க்க அனுபவமும், அந்த அனுபவத்தைத் தத்துவம் எப்படிச் சோதிக்கும், தொழுகையின் பொருள் என்ன என்று மூன்று உரைகள். இவற்றோடு மேலும் மூன்றைச் சேர்த்து 1930-ல் லாகூரில் நூலாக வெளியிட்டார்கள். பின்னால் ஏழாவதும் சேர்ந்தது. உலகப் பல்கலைக்கழகங்களில் இன்றும் அந்த நூல் படிக்கப்படுகிறது. தோல் விற்ற காசில் விளைந்தது அது! அன்று அந்த வணிகர், "இதில் என்ன லாபம்?" என்று கேட்டிருந்தால்?

சோற்றுக் கேள்வியை நான் தட்டிக்கழிக்கவில்லை. லாகூரில் தத்துவத்தில் எம்.ஏ., பிறகு கேம்பிரிட்ஜ், மியூனிக்கில் டாக்டர் பட்டம். இத்தனையும் பெற்ற இக்பாலே பிழைப்புக்கு வக்கீல் தொழிலும் பார்த்தார். உங்கள் மகனும் கூடவே இன்னொரு வழியை வைத்துக்கொள்ளட்டும். மத்திய சிவில் சர்வீஸ் தேர்வில் தத்துவம் விருப்பப் பாடமாக உள்ளது. 2013 முதல் எல்லோருக்கும் பொதுவாக அறநெறித் தாள் ஒன்று, 250 மதிப்பெண்ணுக்கு. சட்டப் படிப்புக்குப் போகலாம், ஆசிரியராகலாம். ஆனால் பட்டம் வாங்கிய மறுநாளே கைநிறையச் சம்பளம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எல்லாப் பிள்ளைகளையும் இதற்கு அனுப்பச் சொல்லவில்லை. பிடிக்காதவனை அனுப்பினால் வீண்தான். ஆசைப்பட்டுக் கேட்கிற ஒருவனை ஏன் தடுக்க வேண்டும்? சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவத்துறையோடு சைவ சித்தாந்தம், வைணவம், சமணம், கிறிஸ்தவம் ஆகியவற்றுக்கும் துறைகள் உள்ளன. நீதிபதி பஷீர் அஹமது சயீத் பெயரில் இஸ்லாமிய ஆய்வு மையமும் உள்ளது. அந்த மேசையில் நம் பக்கத்து நாற்காலி காலியாகக் கிடந்தால், நம்மைப் பற்றியும் மற்றவர்கள்தான் எழுதுவார்கள். பிறகு அவர்களைக் குறை சொல்லிப் பயன் என்ன?

இதையெல்லாம் அந்த அத்தாவிடம் சொன்னேன். தறியை நிறுத்திவிட்டுக் கேட்டார். கடைசியில், "சரி பாய், மூணு வருஷ ஹாஸ்டல் செலவை யார் தருவா?" என்றார்.

என்னிடம் பதில் இல்லை. ஆற்றுக்கு அக்கரையில், ஈரோடு கனி மார்க்கெட்டில் கடை வைத்திருக்கும் சகோதரர்களே, ஆண்டுதோறும் என்ஜினீயரிங் மாணவர்களுக்கு உதவித்தொகை தருகிறீர்கள். அந்த விண்ணப்பப் படிவத்தில் இந்தப் படிப்புக்கும் ஒரு வரி சேர்ப்பீர்களா? பையன் விண்ணப்பம் போட இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது.