தூணை அறைந்தவனுக்கு வைத்தியம்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை கிழக்குத் தாம்பரத்தில் நண்பர் ஒருவரின் மொட்டை மாடியில் ஒன்பது பேர் கூடினோம். புராணக் கலகக்காரர்களைப் பற்றி ஒரு கட்டுரை வாசிக்கப்பட்டது. வாசித்தவர் என் நண்பர். இதைப் படித்த பிறகும் அப்படியே இருப்பார் என்று நம்புகிறேன். கட்டுரையின் சாரம் இதுதான்: இரணியன் தன்னைத் தவிர வேறெதையும் நேசிக்க இயலாதவன், உடன்பிறந்த இரணியாட்சன் கொல்லப்பட்ட அதிர்ச்சியிலிருந்து மீளாதவன், மகன் வாயில் வேறொரு பெயர் வந்ததும் நிலைகுலைந்து போன தகப்பன். ஆகவே நோயாளி. பிறகு அகலிகைக்கு ஒரு பக்கம், கண்ணகிக்கு அரைப் பக்கம். ஆளுக்கொரு வியாதி. எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் டீ வரும்வரை வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்திற்குப் பிராயச்சித்தம் இந்தக் கட்டுரை.

மனோதத்துவம் என்றாலே முகம் சுளிக்கிற பண்டிதர் கூட்டத்தில் என்னைச் சேர்த்துவிட வேண்டாம். இந்தியாவில் இந்தத் துறைக்கு வயது அதிகம். கல்கத்தாவில் கிரீந்திரசேகர் போஸ் உளப்பகுப்பாய்வுச் சங்கம் தொடங்கியது 1922இல். ஃபிராய்டுடன் கடிதத் தொடர்பு வைத்திருந்தவர் அவர். வியன்னாவின் ஈடிபஸ் சிக்கல் இங்கே அதே வடிவத்தில் இல்லை என்று ஃபிராய்டுக்கே எழுதியவர். 1978இல் சுதீர் கக்கர் இந்தியக் குழந்தையின் மனம் பற்றி எழுதினார். அதே ஆண்டு ராபர்ட் கோல்ட்மன் வடமொழி இதிகாசங்களில் தகப்பன், மகன், குரு ஆகியோருக்கிடையேயான பகையை ஆராய்ந்தார். ஏ. கே. ராமானுஜன் 1983இல் வெளியான கட்டுரையில் கேள்வியையே புரட்டிப் போட்டார். இந்தியக் கதைகளில் மகன் தகப்பனைக் கொல்வதைவிடத் தகப்பன் மகனை வெட்டுவதும் ஒடுக்குவதும்தான் அதிகம். அம்பு எதிர்த்திசையில் பாய்கிறது என்பது அவர் கண்டது. ராமானுஜன் கதைகளைத் தேடிப் போனார், அவை சொன்னதைக் கேட்டுத் தம் சூத்திரத்தைத் திருத்திக்கொண்டார். நம் நண்பர் வியன்னாவில் தைத்த சட்டையைக் கொண்டு வந்து, அது பொருந்துவதற்காக இரணியனின் கையை வெட்டுகிறார்.

ஈடிபஸே அந்தச் சட்டைக்குள் அடங்குகிறவன் இல்லை. ழான்-பியர் வெர்னான் 1967இல் இதைச் சொல்லிவிட்டார். சொபொக்ளிஸின் ஈடிபஸ் தன் தாய் தகப்பன் என்று நம்புவது கொரிந்தில் தன்னை வளர்த்தவர்களை. அந்தத் தகப்பனைக் கொன்றுவிடக் கூடாதென்றுதான் ஊரைவிட்டே ஓடுகிறான். வழியில் கொன்றவன் அவனுக்கு முகம் தெரியாத ஒரு கிழவன். ஆக, ஈடிபஸிடம் ஈடிபஸ் சிக்கல் இல்லை. நாடகம் மனோதத்துவத்திற்குப் பெயர் கொடுத்தது. அந்தக் கடனை நாடகத்தின் மேலேயே வட்டியோடு வசூலிக்கிறார்கள்.

இனி இரணியன். இந்தக் கதையில் கலகக்காரன் யார்? நண்பர் கேட்டுக்கொள்ளாத கேள்வி இது. கடவுளின் பெயரை மறுக்கும் தகப்பன் ஒரு கலகக்காரன். தகப்பனின் பெயரை மறுக்கும் பிள்ளை இன்னொருவன். பாடம் தொடங்கும்போது இரணியன் பெயரைச் சொல்ல வேண்டிய இடத்தில் பிள்ளை நாராயணன் பெயரைச் சொல்கிறான். முதல் கலகம் பள்ளிக்கூடத்தில்தான் நடக்கிறது. அதிகாரத்தை எதிர்ப்பது நோய் என்றால் முதலில் மருந்து கொடுக்க வேண்டியது பிரகலாதனுக்கு. அவனை விட்டுவிட்டுத் தகப்பனை மட்டும் கட்டிலில் கிடத்துவது ஏன்? தோற்றவன் அவன் என்பதால்தான். தோற்றவனுக்கு வியாதி, ஜெயித்தவனுக்குப் பக்தி. இதைச் சொல்ல ஃபிராய்டு எதற்கு, உபன்யாசகர் போதுமே.

கம்பனைத் திறந்து பாருங்கள். தூணைக் காட்டி இதில் இருக்கிறானா என்று கேட்டு, கையால் அறைகிறான். உள்ளிருந்து சிங்கம் சிரிக்கிறது. நோயாளி என்றால் இந்த இடத்தில் உடைந்திருக்க வேண்டும். இவனோ, சிரித்தது யாரடா, போருக்கென்றால் வெளியே வா என்கிறான். தூண் பிளக்கிறது. படை அழிகிறது. அப்போதும் மகன் சொல்கிறான்: இப்போதாவது வணங்குங்கள், மன்னித்துவிடுவான். உயிர் பிழைக்க வழி இருக்கிறது, அது ஒரு கும்பிடு தூரத்தில் இருக்கிறது, எதிரே நிற்பது யாரென்றும் தெரிந்துவிட்டது. இரணியன் மறுக்கிறான். அவன் தொழுவதென்றால் தன் வாளைத்தான் தொழுவான். ஊடிய மனைவியர் முன்புகூட வணங்காதவன் தான் என்று சொல்லி அண்டம் நடுங்கச் சிரிக்கிறான். சிங்கத்தின் சிரிப்புக்கு எதிராக ஒரு மனிதச் சிரிப்பை (அசுரன் என்றாலும்) கம்பன் நிறுத்தியிருக்கிறான். அறியாமையால் எதிர்ப்பவன் வேறு. முழுவதும் அறிந்தபின் எதிர்ப்பவன் வேறு. இரண்டாமவனைக் கம்பனால் படைக்க முடிந்தது, அதுவும் கம்பன் பக்தனாக இருந்துகொண்டே. அந்த முடிவை அடிமனத்தின் வேலை என்று எழுதிவிட்டால், காவியத்தின் மிகத் தெளிவான பிரக்ஞையை அழித்தவர்கள் ஆகிறோம்.

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வண்டியில் போனால் சிங்கப்பெருமாள்கோவில் வரும். குடைவரையில் நரசிம்மர். தீபாராதனையின்போது பட்டர் நெற்றித் திருமண்ணை விலக்கி மூன்றாவது கண்ணைக் காட்டுவார். கருவறை மலையோடு ஒட்டியது என்பதால் சுற்ற வேண்டுமென்றால் மலையையே சுற்ற வேண்டும். தலபுராணப்படி அவர் காட்சி கொடுத்தது ஜாபாலி முனிவருக்கு. (ராமாயணத்தில் ராமனிடம் நாத்திகம் பேசும் ஜாபாலியும் இவரும் ஒருவர்தானா என்று நான் விசாரிக்கப் போவதில்லை. ஒருவர்தான் என்றால் நன்றாக இருக்கும்.) அங்கே கோபம் இருக்கிறது, கோபத்துக்கு ஆளானவன் இல்லை. அவனைப் பார்க்க வேண்டுமென்றால் கம்பனிடம்தான் போக வேண்டும்.

கம்பனிடம் போனால் இன்னொன்றும் தெரியும். இரணியன் கதை வால்மீகியில் இல்லை. கம்பன் அதை யுத்த காண்டத்தில் வீடணன் வாயில் வைக்கிறான், கேட்பவன் இராவணன். அண்ணனை விட்டுப் போகப் போகிற தம்பி, அண்ணனின் எதிரியால் முடிசூட்டப்படப் போகிற தம்பி சொல்கிற கதையில், தகப்பன் கொல்லப்பட்டபின் தகப்பனைக் கொன்றவனால் மகன் முடிசூட்டப்படுகிறான். மனோதத்துவம் கொண்டு தோண்ட வேண்டிய மண் இது. தான் செய்யப்போவதை இன்னொருவன் செய்ததாகச் சொல்லி அதற்குப் புண்ணியமும் தேடிக்கொள்கிற மனம் இரணியனுடையது அல்ல, கதைசொல்லியினுடையது. வீடணனைக் கட்டிலில் கிடத்தியிருந்தால் நான் எழுந்து நின்று கேட்டிருப்பேன்.

எதிர்முகாமும் கம்பனின் இரணியனைப் பொறுத்துக்கொள்ளவில்லை. பாரதிதாசனின் ‘இரணியன் அல்லது இணையற்ற வீரன்’ 1934இல் மேடையேறியது. அதில் இரணியன் நல்ல தமிழரசன். மகன் கெட்டுப்போவது ஆரியச் சூழ்ச்சியில் வந்த ஒரு பெண்ணால். நண்பர் வியாதி வைத்த இடத்தில் பாரதிதாசன் சதியை வைத்தார். கலகம் செய்கிறவன் முதலில் நல்லவனாக இருந்தாக வேண்டும் என்ற பயம் இரண்டிலும் இருக்கிறது. ஆனாலும் அந்தப் பக்கத்துக்கு ஒரு மரியாதை கிடைத்தது. புலவர் குழந்தையின் இராவண காவியம் 1946இல் வந்தது. 1948இல் அரசு அதைத் தடை செய்தது. தடை நீங்க 1971 ஆயிற்று. அந்தக் காவியம் எனக்குப் பெரிதாகப் பிடிக்காது. ஆனால் தடை செய்த அதிகாரி நல்ல வாசகர். இராவணனைக் கலகக்காரன் என்று ஒத்துக்கொண்டு பயந்திருக்கிறார். குழந்தைப் பருவம் சரியில்லாதவன் என்று அனுதாபப்படவில்லை.

அகலிகை விஷயத்தில்தான் எனக்கு உண்மையில் கோபம் வந்தது. புதுமைப்பித்தனின் ‘சாபவிமோசனம்’ (1943) முடிவில் கோதமன் அணைக்கிறான், அகலிகைக்கு அவன் இந்திரனாகத் தெரிகிறான், அவள் மீண்டும் கல்லாகிறாள். பழைய பலாத்காரத்தின் அதிர்ச்சி மீண்டது என்கிறார் நண்பர். அந்த வரிகள் கதையில் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் அவற்றுக்கு முன்னால் என்ன இருக்கிறது? சீதை வந்து தீக்குளித்ததைச் சொல்கிறாள். ராமனா கேட்டான் என்று அகலிகை துடிக்கிறாள். தனக்கு ஒரு நியாயம், அவனுக்கு ஒரு நியாயமா என்ற கேள்வி அவளுக்குள் எழுகிறது. தன்னை மீட்டவனின் நீதியை எடைபோட்டுக் குறை கண்டபின்தான் அந்த அணைப்பு வருகிறது. தீர்ப்பு முதலில், உடல் பிறகு. இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் கதை ஒரு கேஸ் கட்டாகிவிடும். காலில் பட்டு உயிர்த்தவள் அந்தக் காலுக்குரியவனையே மறுக்கிறாள் என்பது கைநழுவிப் போகும்.

கண்ணகிக்கு ஹிஸ்டீரியாவாம். சிலம்பை உடைத்து, உள்ளே முத்தா மாணிக்கமா என்று அரசன் சபையிலேயே சாட்சியத்தோடு வழக்காடியவள் அவள். மார்பைத் திருகி எறிந்தபின் தீக்கடவுளிடம் யார் யாரை விட்டுவிட வேண்டும் என்று பட்டியல் கொடுக்கிறாள்: அந்தணர், அறவோர், பசு, பத்தினி, முதியோர், குழந்தை. அந்தப் பட்டியலோடு எனக்குச் சண்டை உண்டு. ஆனால் இத்தனை நிதானமான ஹிஸ்டீரியாவை எந்த வைத்தியர் பார்த்திருக்கிறார்?

இது எனக்கு வெறும் இலக்கியச் சண்டையாக இல்லாததற்குக் காரணம் உண்டு. நான் குமாஸ்தா. வேலை பார்க்கிற இடத்தில் ஒருமுறை சரியில்லாத ஒரு வவுச்சரில் கையெழுத்துப் போட மறுத்தேன். வவுச்சர் சரியா தவறா என்று மேலே யாரும் பார்க்கவில்லை. “அவருக்கு வீட்டில் ஏதோ பிரச்சினை, ஃப்ரஸ்ட்ரேஷன்” என்று பேசிக்கொண்டார்கள். லீவு எடுத்து ஓய்வெடுக்கும்படி அன்பாகச் சொன்னார்கள். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அந்த அன்புக்கு என்னிடம் பதில் இல்லை.

கூட்டம் முடிந்து ஸ்டேஷனுக்கு நடக்கும்போது இதில் பாதியை நண்பரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிளாட்பாரத்தில் நின்றுகொண்டு, “இரணியனைச் சொன்னா உங்களுக்கு ஏன் சார் இவ்வளவு கோபம் வருது? உங்க அப்பாவுக்கும் உங்களுக்கும் எப்படி?” என்றார். செங்கல்பட்டு வண்டி வந்துவிட்டது. ஏறிக்கொண்டேன்.