டீசல்னா சிக்கனமா? யாரு சொன்னது?

போன சனிக்கிழமை ஃப்ரிஸ்கோவுல ஒரு நண்பர் வீட்டுல பாட்லக். எட்டு குடும்பம். பிரியாணி, தயிர்சாதம், வழக்கமான விசா புலம்பல் எல்லாம் முடிஞ்சு பேச்சு வண்டிப் பக்கம் திரும்பிச்சு. எங்க ஆபீஸ் அண்ணா ஒருத்தர், ஈரோட்டுக்காரர், ரெண்டு பசங்க, ட்ராவல் ட்ரெய்லர் வாங்கப் போறாராம். குடும்பத்தோட அதை இழுத்துக்கிட்டு ஊர் ஊரா சுத்தணும்ங்கறது அவரோட பத்து வருஷக் கனவு. அதுல எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லீங்க. அதை இழுக்க டீசல் பிக்கப்தான்னு முடிவு பண்ணி, முக்கால் டன் வண்டி ஒண்ணுக்கு 84 மாசக் கடன் பேசி வச்சிருக்கார். வர்ற வெள்ளிக்கிழமை கையெழுத்து. பிரச்சினை அங்கதான்.

சுத்தி இருந்தவங்க எல்லாம் கோரஸா, "சூப்பர்ண்ணா, இழுவைன்னா டீசல்தான், மைலேஜும் அள்ளும்"னு தூபம் போட்டாங்க. அதுல பாதிப் பேரு வாழ்க்கையில ஒரு சைக்கிள் கேரியரைக் கூட இழுத்தது கிடையாது. நான் வாயைத் திறந்தேன். "நீ சின்னப் பையன், சும்மா இரு"ன்னுட்டாங்க. அதான் இங்க வந்து திறக்கறேன்.

பேச எனக்கு என்ன தகுதி? ரெண்டு இருக்கு. ஒண்ணு, நான் நாமக்கல்காரன். எங்க ஊர்ல பாதிப் பேரு லாரி ஓட்டுவாங்க, மீதிப் பேரு லாரிக்கு பாடி கட்டுவாங்க. அப்பாவுக்கும் லாரிதான். (நான் படிச்சது மெக்கானிக்கல், பொழப்பு ஜாவா. அது தனி சோகக் கதை.) ரெண்டாவது, நானே டீசல் பிக்கப் வாங்கி சூடு பட்டவன். அந்தக் கதை கீழே வருது.

புதுசா வந்தவங்களுக்கு ஒரு விளக்கம்: இந்த ஊர்ல கேஸ்னா சிலிண்டர் இல்ல, பெட்ரோல். நான் பெட்ரோல்னே எழுதறேன்.

முதல் கட்டுக்கதை: டீசல் சிக்கனம்

இந்த நம்பிக்கை நமக்கு எங்கேர்ந்து வந்தது? ஊறுகாய் பாட்டிலோட சேர்ந்து பெட்டியிலயே வந்தது. 2012 மே மாசம் பெட்ரோல் விலையை ஏத்தினப்போ சென்னையில லிட்டர் 77 ரூபாயைத் தாண்டிச்சு. அப்போ டீசல் 45 ரூபாய்க்குள்ள. டீசல் விலையை அரசாங்கம் பிடிச்சு வச்சிருந்த காலம் அது. எங்கப்பா தலைமுறைக்கு டீசல் சிக்கனமா இருந்ததுல என்ஜினுக்குப் பாதிப் புண்ணியம், அரசாங்கத்துக்குப் பாதிப் புண்ணியம். 2014 அக்டோபர்ல அந்தக் கட்டுப்பாட்டையும் எடுத்துட்டாங்க. நாம மட்டும் இன்னும் அதே நினைப்புல இருக்கோம்.

அமெரிக்காவுல கதையே தலைகீழ். மத்திய அரசு வரி பெட்ரோலுக்கு கேலனுக்கு 18.4 சென்ட், டீசலுக்கு 24.4 சென்ட். 2022 நவம்பர் ஞாபகம் இருக்கா? நாட்டு சராசரியில பெட்ரோல் 4 டாலருக்குள்ள இருந்தப்போ டீசல் 5 டாலருக்கு மேல. அந்த மாசம் டீசல் வண்டிக்காரன் எவனும் பங்க்ல மீட்டரைப் பார்த்து சிரிக்கல.

அடுத்தது மைலேஜ். ஒரு கேலன் டீசல்ல ஒரு கேலன் பெட்ரோலை விட சுமார் 14 சதவீதம் கூடுதல் சக்தி இருக்கு. அதாவது 30 சதவீதம் அதிக மைலேஜ்னு பெருமை அடிச்சா, அதுல கிட்டத்தட்ட பாதி என்ஜினோட சாமர்த்தியம் இல்ல, எண்ணெயோட கெட்டித்தனம். ரெண்டையும் கேலன் கணக்குல ஒப்பிடறது, அரிசியைப் படியில அளந்துட்டு அவலையும் அதே படியில அளந்து விலை பேசற மாதிரி.

இன்னொரு கூத்து. மொத்த எடைத் தகுதி 8,500 பவுண்டுக்கு மேல போற பிக்கப்புக்கு, ஷோரூம் கண்ணாடியில ஒட்டற மைலேஜ் ஸ்டிக்கர் கட்டாயமே இல்ல. அண்ணா பார்த்த வண்டி அந்த ரகம்தான். அப்போ "மைலேஜ் அள்ளும்"னு சொன்னவங்க எந்த நம்பரைப் பார்த்து சொன்னாங்க? விற்பனைக்காரர் வாயைப் பார்த்துதான்.

சரி, கணக்குக்கு வருவோம். கீழே இருக்கறது நான் வச்சுக்கிட்ட நம்பர். பிடிக்கலைன்னா உங்க நம்பரைப் போட்டுக்கோங்க, முறை மாறாது.

வருஷம் 12,000 மைல். அதுல 1,500 மைல் ட்ரெய்லரோட, மீதி 10,500 மைல் ஆபீஸ், காஸ்ட்கோ, பசங்க நீச்சல் கிளாஸ். முக்கால் டன் பெட்ரோல் வண்டி வெறுமனே 14, இழுக்கும்போது 8 எம்.பி.ஜி. டீசல் வண்டி 17, 11. பெட்ரோல் 3 டாலர், டீசல் 3.60.

பெட்ரோல்: 750 கேலன் + 187.5 கேலன். 2,812 டாலர்.
டீசல்: 618 கேலன் + 136 கேலன். 2,714 டாலர்.

வருஷத்துக்கு மிச்சம் 98 டாலர்! டீசல் என்ஜினுக்கு மட்டும் கூடுதலா கொடுக்கற தொகை சுமார் 10,000 டாலர். நூறு வருஷத்துல முதல் திரும்ப வந்துடும். அண்ணாவோட கொள்ளுப் பேரன் கொண்டாடலாம். அந்த 10,000 டாலரை 7 சதவீத வட்டியில 84 மாசத்துக்குப் பிரிச்சா, மாசத் தவணை 150 டாலர். மாசம் 150 கொடுத்து வருஷம் 98 சம்பாதிக்கற வியாபாரத்தை எங்க ஊர்ல வேற பேரு சொல்லிக் கூப்பிடுவாங்க.

மனசுல வச்சுக்க ஒரே விதி: பெட்ரோலை விட டீசல் எத்தனை சதவீதம் விலை அதிகமோ, அதை விட மைலேஜ் அதிக சதவீதம் கூடணும். இல்லேன்னா சிக்கனம்ங்கற பேச்சே இல்ல.

ரெண்டாவது கட்டுக்கதை: டீசல்தான் இழுக்கும்

ஃபோர்டு சூப்பர் டியூட்டியையே எடுத்துக்குவோம். 7.3 லிட்டர் பெட்ரோல் வி8: 430 குதிரைத்திறன், 485 பவுண்டு-அடி டார்க். 6.7 லிட்டர் டீசல்: 475 குதிரைத்திறன், 1,050 பவுண்டு-அடி. டார்க்கைப் பார்த்தா ரெண்டு மடங்குக்கு மேல. எல்லாரும் இதைப் பார்த்துதான் விழுந்துடறாங்க. ஆனா சக்கரத்துக்குப் போற டார்க்கை கியர் பெருக்கிக் கொடுக்கும். ஒரு எடையை ஒரு மேட்டுல ஒரு வேகத்துல ஏத்த வேண்டியது குதிரைத்திறன். அதுல வித்தியாசம் வெறும் 10 சதவீதம் சொச்சம். டீசல் 2,000 சுத்துல அமைதியா செய்யறதை பெட்ரோல் 4,500 சுத்துல கத்திக்கிட்டே செய்யும். என்ஜின் கத்தினா கெட்டுப் போச்சுன்னு அர்த்தம் இல்ல. அதுக்குத்தான் அதைச் செஞ்சிருக்காங்க.

இதை விட முக்கியமானது ஒண்ணு இருக்கு. இதை மட்டும் தயவு செஞ்சு படிங்க, ஏன்னா இது காசு விஷயம் இல்ல, உயிர் விஷயம். விளம்பரத்துல "13,000 பவுண்டு இழுக்கும்"னு போடுவான். அந்த நம்பரை எடுக்கற எஸ்.ஏ.இ. ஜே2807 விதிமுறையில வண்டிக்குள்ள ரெண்டே பேரு, ஆளுக்கு 150 பவுண்டு. இட்லிப் பானை, மடக்கு நாற்காலி, ஐஸ் பெட்டி எதுவும் அந்தக் கணக்குல இல்ல.

நிஜத்துல முதல்ல தீர்ந்து போறது இழுவைத் திறன் இல்ல, வண்டி மேல ஏத்தற எடைதான். டிரைவர் கதவைத் திறந்தா பக்கத்துல ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் இருக்கும். ஆளும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாதுன்னு போட்டிருக்கும். ட்ரெய்லரோட மூக்கு கொக்கி மேல அழுத்தற எடையும் இதுலதான் சேரும். ட்ராவல் ட்ரெய்லருக்கு அது மொத்த எடையில 10லேர்ந்து 15 சதவீதம். சாமானோட 7,000 பவுண்டு ட்ரெய்லர்னா சுமார் 875. எடையைப் பிரிச்சுக் கொடுக்கற கொக்கி 100. ரெண்டு பெரியவங்க, ரெண்டு பசங்க, பின்னாடி சாமான் எல்லாம் 650. ஆக 1,625. அரை டன் வண்டிகள் பலதுல ஸ்டிக்கர் 1,400லேர்ந்து 1,800க்குள்ளதான் இருக்கும். உச்ச மாடல் வாங்கி பனோரமா கண்ணாடிக் கூரை போட்டீங்கன்னா அதுவும் இதுலதான் கழியும்.

அதனால அண்ணா முக்கால் டன்னுக்குப் போனது சரியான முடிவு. அதுக்கு சபாஷ். ஆனா டீசல் என்ஜின் பெட்ரோலை விட பல நூறு பவுண்டு கனம். வண்டியோட மொத்த எடைத் தகுதி அதே அளவுல இருந்தா, அந்தக் கனம் நம்ம பசங்க, சாமான் கணக்குலேர்ந்துதான் கழியும். கூடக் காசு கொடுத்துக் குறைச்சு ஏத்தறது சிக்கனமா, பலமா? ரெண்டும் இல்ல.

மூணாவது கட்டுக்கதை: டீசல் ஆயுசு கெட்டி

எங்கப்பா லாரியில கெட்டி. அதுல பம்ப், இன்ஜெக்டர், ஒரு ஸ்பேனர் செட், ஒரு மெக்கானிக் அண்ணன், அவ்வளவுதான். இப்ப இருக்கற டீசல் வண்டிக்குப் பின்னாடி ஒரு ரசாயனத் தொழிற்சாலையே ஓடுது. 2007லேர்ந்து புகைக்கரியைப் பிடிக்க வடிகட்டி வந்துச்சு. அப்புறம் நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்க டெஃப் வந்துச்சு. 32.5 சதவீதம் யூரியா, மீதி சுத்தத் தண்ணி. வெவசாயி வீட்டுப் பையன் அமெரிக்காவுல வண்டிக்கு யூரியா போடறான்னு பாட்டி இன்னும் சிரிக்குது.

அந்த வடிகட்டியில சேர்ற கரியை அப்பப்ப எரிச்சு சுத்தம் பண்ண வண்டி நல்லா சூடாகி நெடுந்தூரம் ஓடணும். இப்ப என் கதை. மூணு வருஷம் முன்னாடி ஒரு பழைய அரை டன் டீசல் வாங்கினேன். கம்பெனி பேரு வேண்டாம். வீட்டுலேர்ந்து ஆபீஸ் அஞ்சு மைல். எரிக்க ஆரம்பிக்கும், அதுக்குள்ள நான் பார்க்கிங்ல நிறுத்திடுவேன். தினமும் இதே கூத்து. கொலராடோ போக வாடகை ட்ரெய்லரை மாட்டிக்கிட்டு 287ஆம் நம்பர் ரோட்டுல அமரில்லோ பக்கம் போறப்போ மஞ்சள் விளக்கு, அப்புறம் வேகத்தைத் தானே குறைச்சுக்கிச்சு. ஜூலை வெயில், தோள்பட்டை ரோடு, பக்கத்துல தங்கமணி, பின்னாடி ட்ரெய்லர், சுத்தி பருத்திக்காடு. இழுக்கப் போன வண்டியை இழுக்க இன்னொரு வண்டி வந்துச்சு. வடிகட்டி, சென்சார், மோட்டல் எல்லாம் சேர்த்து 3,400 டாலர். தங்கமணி ஒரு வார்த்தை பேசல. அதுதான் பயமே.

வண்டி மேல தப்பு சொல்ல மாட்டேன். நெடுஞ்சாலையில ஓட வேண்டிய மாட்டை செக்குல கட்டினது நான்.

பெட்ரோல் என்ஜின் மட்டும் உத்தமனா? இல்ல. ஜி.எம். தன்னோட 6.2 லிட்டர் பெட்ரோல் வி8க்கு 2025ல அமெரிக்காவுல மட்டும் கிட்டத்தட்ட 6 லட்சம் வண்டியைத் திரும்பக் கூப்பிட்டுச்சு. என்ஜின்னா கெடும். கெட்டா பில் எவ்வளவு, அதுக்கு எத்தனை உறுப்பு காரணமா இருக்கலாம்ங்கறதுதான் கேள்வி. அதுல டீசலுக்கு உறுப்பும் அதிகம், பில்லும் அதிகம்.

அப்போ டீசலே வேண்டாமா?

வேணும். யாருக்குன்னு சொல்றேன். 12,000, 15,000 பவுண்டை வாரா வாரம் இழுக்கறவங்க. குதிரை ட்ரெய்லர், ஃபிப்த் வீல், மினி எக்ஸ்கவேட்டர் வச்சுப் பொழைக்கறவங்க. வருஷம் 30,000 மைல் சுமையோட ஓடறவங்களுக்கு, அதே விலையில, பெட்ரோல் 7.5, டீசல் 10.5 எம்.பி.ஜி.ன்னு வச்சா, வருஷம் 1,700 டாலர் மிச்சம். ஆறு வருஷத்துல முதல் வந்துடும். விக்கும்போதும் நல்ல விலை போகும்.

மலைக்காரங்களுக்கும் வேணும். கொலராடோ ஐசனோவர் குகைப்பாதை 11,158 அடி உயரத்துல இருக்கு. டர்போ இல்லாத பெட்ரோல் என்ஜின் ஆயிரம் அடிக்கு சுமார் 3 சதவீதம் சக்தியை இழக்கும். அங்க போறதுக்குள்ள மூணுல ஒரு பங்கு காலி. டீசலுக்கு டர்போ இருக்கறதால பெருசா பாதிக்காது. இறக்கத்துல எக்ஸாஸ்ட் பிரேக் பிடிக்கிற பிடிக்கு நான் பரம ரசிகன். வாரா வாரம் அந்த மலை ஏறறவங்க தாராளமா டீசல் வாங்குங்க. டெக்சாஸ் சமவெளியில வருஷத்துக்கு ஆறு தடவை ஏரிக்கரைக்குப் போறவங்களுக்கு எதுக்குங்க அது?

கடைசியா, பாட்லக்ல சொல்ல முடியாமப் போனது ஒண்ணு. அண்ணாவும் ஹெச்-1பி, நானும் ஹெச்-1பி. வேலை போனா அதிகபட்சம் 60 நாள் அவகாசம். இந்தக் கடன் 84 மாசம். இந்த ரெண்டு நம்பரையும் பக்கத்துல பக்கத்துல எழுதிப் பார்த்துட்டு, கூட ஒரு 10,000 டாலரை கெத்துக்காக ஏத்திக்கணுமான்னு யோசிங்கண்ணா. அந்தக் காசுல எத்தனை ராத்திரி கேம்ப் போடலாம்! பசங்களுக்கு ஞாபகம் இருக்கப் போறது ட்ரெய்லரும் நெருப்பும் நட்சத்திரமும்தான். முன்னாடி எந்த என்ஜின் ஓடிச்சுன்னு அதுங்க கேக்காது.

லிங்க்கை அண்ணாவுக்கு அனுப்பிட்டேன். ரெண்டு நீல டிக் விழுந்துச்சு, பதில் இல்ல. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூணு நாள் இருக்கு.

டிஸ்கி: கும்ம வர்ற டீசல் பக்தர்கள் தாராளமா வாங்க. கால்குலேட்டரும், கதவு ஸ்டிக்கர் போட்டோவும் கையோட கொண்டு வாங்க. "ஆனா டார்க் இருக்கே"ன்னு மட்டும் ஆரம்பிக்காதீங்க, அழுதுடுவேன் :)