இந்த வயதில் செண்ட் எதற்கு?

இப்படிக் கேட்பவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். நம் வயதுக்காரர்கள் மேல் தைல வாடை வீசினால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. கொஞ்சம் பழ வாசனை வீசினால் மட்டும் சிரிக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

பாரிசில் இருக்கும் என் தங்கை மகள் போன தடவை வந்தபோது ஒரு சின்னப் புட்டி கொடுத்தாள். 'லெ பர்ஃபம் த தெரேஸ்', அதாவது தெரேசின் வாசனைத் திரவியம். பெரிய கடைகளின் கூட்டத்துக்கென்று இல்லாமல், சிலருக்காக மட்டும் செய்யப்படும் இவ்வகைச் சரக்கை 'நீஷ்' என்கிறார்கள். பிரெஞ்சில் சாமி சிலை வைக்கும் மாடமும் நீஷ்தான், நாய்க்கூண்டும் நீஷ்தான்! விலையைப் பார்த்தால் மாடம் என்றுதான் சொல்லத் தோன்றும்.

இதைச் செய்தவர் எத்மோன் ருத்னித்ஸ்கா (1905–1996). கிராஸ் நகருக்குப் பக்கத்தில் கப்ரி என்ற ஊரில் வாழ்ந்தவர். தியோர் நிறுவனத்துக்கு 1956-இல் தியோரிசிமோவும், 1966-இல் ஓ சோவாழும் செய்து கொடுத்தவர். அந்த ஐம்பதுகளில் தன் மனைவி தெரேசுக்கென்று இதை உருவாக்கினார். பல பத்தாண்டுகள் அந்த அம்மாள் ஒருவர்தான் பூசிக்கொண்டார். அவர் கணவர் காலமான பிறகு, 2000-இல்தான் ஃபிரெதெரிக் மால் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தார்.

போட்டவுடன் கமலா ஆரஞ்சும் முலாம்பழமும். கொஞ்ச நேரத்தில் பிளம் பழமும் மல்லிகையும். கடைசியில் தோல் பையின் வாசனையும் வெட்டிவேரும். (பிரெஞ்சுக்காரர்கள் சொல்லும் 'வெத்திவேர்' நம் தமிழ்ச் சொல்தான்.) பழம் நன்றாகப் பழுத்திருக்கிறது, ஆனால் சர்க்கரைப் பாகில் ஊறவில்லை. இதன் உயர்வே அதுதான்.

ஆரஞ்சு, எலுமிச்சை ஆகியவற்றின் தோலில் வாசனை எண்ணெய் உண்டு. முலாம்பழத்தையோ பிளம்மையோ பிழிந்தால் சாறுதான் வரும். அந்த வாசனையை வேறு பொருள்களைச் சேர்த்துத்தான் உண்டாக்க வேண்டும். கெர்லேன் 1919-இல் வெளியிட்ட மித்சுகோவின் பீச் பழ வாசனைகூட ஆய்வுக்கூடத்துப் பொருளால் வந்ததுதான். ஆகவே எல்லாம் செய்பவர் கையில் இருக்கிறது. இன்று பலரும் எத்தில் மால்ட்டோல் என்ற பஞ்சு மிட்டாய் வாசனையை அள்ளிக் கொட்டிவிட்டுப் பழம் என்கிறார்கள். புதுச்சேரிச் சித்திரை வெயிலில், கடற்காற்றின் ஈரப்பசையோடு அது வியர்வையில் கலந்தால், பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவருக்குத் தலைவலிதான். தெரேசின் பழமோ நம் வெயிலையும் தாங்குகிறது. அடியில் உள்ள வெட்டிவேர் அதைத் திகட்டவிடாமல் பார்த்துக்கொள்கிறது.

நம் வயதுக்காரர்களுக்கு இரண்டு விஷயங்கள். ஒன்று, வயதாக ஆக மூக்கு மந்தமாகிறது. நமக்கு வாசனை தெரியவில்லையே என்று மேலும் மேலும் அடிக்கக் கூடாது. இரண்டு தரம் போதும், வீட்டில் ஒருவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு, நம் தோல் வறண்டது, வாசனையைப் பிடித்து வைக்காது. வாசனையில்லாத களிம்பு கொஞ்சம் தடவிவிட்டு அதன்மேல் போட்டால் நிற்கும். கடையில் காகிதத்தில் முகர்ந்து முடிவு செய்யாதீர்கள். கையில் போட்டுக்கொண்டு மூன்று மணி நேரம் நடமாடிவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஓய்வூதியத்தில் இதெல்லாம் கட்டுப்படியாகாதுதான். ஆனால் பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து என்ன வேண்டும் என்று கேட்கும்போது, பீரோவில் அடுக்கி வைக்க இன்னொரு சால்வை கேட்காதீர்கள். சின்னப் புட்டி ஒன்று கேளுங்கள். கல்யாணத்துக்கு என்று பூட்டியும் வைக்காதீர்கள். நாளைக் காலை குளித்ததும் போட்டுக்கொள்ளுங்கள்.