இழுத்தவர் பாதியில் நிறுத்திவிட்டார்

ரீபட்டன் டயரை, அதாவது தேய்ந்த பட்டனுக்கு (சாலையில் உருளும் மேல் ரப்பருக்கு) பதிலாகப் புதுப் பட்டன் ஏற்றிய டயரை, சட்டம் போட்டு ஒழிக்க வேண்டும் என்று ஒரு கட்டுரை நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்து லாரிக்காரர்களிடையே கைமாறிக்கொண்டிருக்கிறது. எழுதியவர் தன்னை டயர் வல்லுநர் என்று சொல்லிக்கொள்கிறார். ஓடிய டயரின் ரப்பர் இழுபட்டு இழுபட்டு வலுவிழந்துவிட்டது என்கிறார். சேம்பரில் வைத்து இரண்டாம் முறை வேகவைத்தால் மிச்ச வலுவும் போய்விடும் என்கிறார். சாலையோரம் கிடக்கும் டயர்த் துண்டுகளைச் சாட்சிக்கு அழைக்கிறார். மூன்றும் தவறு. ஒற்றை லாரியை வைத்து மாதத் தவணை கட்டுகிறவரின் வயிற்றில் அடிக்கிற தவறு என்பதால் இதைக் கண்டும் காணாமல் விட முடியாது.

முதல் வாதத்துக்கு அவர் ஒரு சோதனையைக் காட்டுகிறார். தேய்ந்த டயரின் பட்டனிலிருந்து ஒரு பட்டையை அறுத்து, ஒரு முனையை வைஸில் இறுக்கி, மறுமுனையில் தராசுக் கொக்கியை மாட்டி, இருமடங்கு நீளத்துக்கு இழுக்கிறார். விட்டுவிட்டு மறுபடி அதே நீளத்துக்கு இழுக்கிறார். இரண்டாம் முறை தராசு குறைவாகக் காட்டுகிறது. ஒரே இழுப்பில் இவ்வளவு வலிமை போனால், லட்சம் கிலோமீட்டர் ஓடிய டயரில் என்ன மிச்சமிருக்கும் என்று கேட்கிறார்.

தராசு பொய் சொல்லவில்லை. இந்தத் தளர்ச்சியை பிரான்சில் பூவாஸ், காரியே என்ற இருவர் 1903-லேயே பதிவு செய்தார்கள். 1940-களில் இங்கிலாந்தில் லியோனார்ட் மல்லின்ஸ் இதை விரிவாக ஆராய்ந்ததால் மல்லின்ஸ் விளைவு என்றே பெயர். கார்பன் பிளாக் போன்ற நிரப்பி கலந்த ரப்பரில்தான் இது பளிச்சென்று தெரியும். முதல் இழுப்பில் கரித்துகள்களின் கூட்டம் கலைகிறது, துகளோடு ஒட்டிய ரப்பர் இழைகளில் சில நழுவுகின்றன. அதனால் அதே நீளத்துக்கு அடுத்த முறை இழுக்கக் குறைந்த விசை போதும். சில இழுப்புகளுக்குப் பிறகு இந்தத் தளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும், லட்சம் கிலோமீட்டருக்கும் சேர்ந்து பெருகிக்கொண்டே போகாது. இழுக்காமல் வைத்திருந்தால் மெல்ல ஓரளவு மீளும். சூடாக்கினால் மீட்சி இன்னும் வேகமாக நடக்கும். கட்டுரையாளர் எமனாகக் காட்டும் வெப்பம் இங்கே இழந்ததைத் திருப்பித் தருகிறது.

இதைவிட முக்கியமான ஒன்றை அவர் மறைத்திருக்கிறார், அல்லது பார்க்கவே இல்லை. முன்பு இழுத்த நீளத்தைத் தாண்டி இழுத்தால், பட்டை புதுப் பட்டையைப் போலவே எதிர்க்கத் தொடங்கும். விசைக்கோடு பழைய பாதையில் போய்ச் சேர்ந்துவிடும். அறுந்துபோகும் விசையில் பெரிய மாற்றம் இராது. நீட்ட வேண்டிய விசை வேறு, அறுக்க வேண்டிய விசை வேறு. முதலாவதை அளந்துவிட்டு இரண்டாவது குறைந்துவிட்டது என்று தீர்ப்பு எழுதியிருக்கிறார். இன்னும் ஒரு சாண் இழுத்திருந்தால் அவருடைய கட்டுரைக்கு வேலையே இருந்திருக்காது. ரப்பர் பாகங்களை வடிவமைக்கும் பொறியாளர்கள் துண்டை முதலில் சில தடவை இழுத்துத் தளர்த்திய பிறகே அளவெடுப்பது வழக்கம். வல்லுநர் என்று சொல்லிக்கொள்பவருக்கு இது தெரியாமல் இருக்கலாமா?

அவர் அறுத்தெடுத்த இடத்தையும் கவனியுங்கள். தேய்ந்த பட்டன். ரீபட்டன் போடும் ரீட்ரேடிங் பட்டறையில் முதல் வேலையாக பஃபிங் இயந்திரம் அந்த ரப்பரைத்தான் பொடியும் சுருளுமாகச் சுரண்டித் தள்ளுகிறது. அதன் பிறகுதான் சொல்யூஷன் அடிப்பதும், குஷன் கம் ஒட்டுவதும், புதுப் பட்டன் சுற்றுவதும். குப்பைக்குப் போகிற ரப்பரைச் சோதித்துவிட்டு, ஓடப்போகிற டயருக்குத் தூக்குத்தண்டனை விதிக்கிறார். டயரில் சுமை தாங்குவது காற்றும், அதை அடக்கி நிற்கும் கம்பி அல்லது நைலான் இழைகளும். ஆராய வேண்டியது கேசிங் என்ற அந்த இழைக்கூட்டை. அதைப் பற்றி அவர் ஒரு வரிகூட எழுதவில்லை.

இரண்டாவது வாதத்தைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். வெப்பம் 10 டிகிரி ஏறினால் ரப்பர் வேகும் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது ஆலைகளில் எல்லோரும் கையாளும் தோராய விதி. குளிர்முறை ரீட்ரேடிங்கில் டயர் சேம்பருக்குள் 100 டிகிரியையொட்டி சுமார் 3 மணி நேரம் இருக்கிறது. புது டயர் வேகும் 150 டிகிரியோடு ஒப்பிட்டால் வேகம் 32-இல் ஒரு பங்கு. 180 நிமிடத்தை 32-ஆல் வகுத்தால் 6 நிமிடம்கூட வராது. புது லாரி டயர் அச்சுக்குள் அந்தச் சூட்டில் அரை மணி நேரத்துக்கு மேல் வெந்துதான் பிறக்கிறது. இதே விதிப்படி, 80 டிகிரியில் ஓடும் டயருக்கு சேம்பரின் 3 மணி நேரம் 12 மணி நேர ஓட்டத்துக்குச் சமம். நாமக்கல்லிலிருந்து ஹைதராபாத்துக்குச் சரக்கேற்றிப் போகும் ஒரு நடையில் டயர் இதைவிட அதிகமாக வேகிறது.

நேரத்தை மிச்சம் பிடிக்க சேம்பர் சூட்டைக் கண்டபடி ஏற்றும் பட்டறைகள் இருக்கின்றன. அது குற்றம். இயற்கை ரப்பரை அதிகமாக வேகவைத்தால் கந்தகப் பிணைப்புகள் முறிந்து ரப்பர் கொழகொழத்துவிடும். விலையைக் குறைக்கச் சுண்ணாம்புத் தூளை அள்ளிக் கொட்டிய பட்டனும் விற்கிறது. அந்தத் தூள் இடத்தை அடைக்குமே தவிர, கார்பன் பிளாக்கைப் போல ரப்பரைப் பிடித்து வலுவூட்டாது. இவற்றைப் பிடிக்கச் சொன்னால் நானும் கூடவே வருவேன். முன் சக்கரத்தில் ரீபட்டன் வேண்டாம் என்பதிலும் சண்டையில்லை. அவர் கேட்பது அதுவல்ல, ஒட்டுமொத்தத் தடை.

உண்மையான ஆபத்து எங்கே இருக்கிறது என்பதை அவர் தொடவே இல்லை. ரப்பர் நேற்றுப் பட்ட சூடு வேறு, இப்போது பட்டுக்கொண்டிருக்கும் சூடு வேறு. இயற்கை ரப்பரை இழுத்தால் அதன் இழைகள் வரிசைகட்டிப் படிகமாகின்றன. 1925-இல் காட்ஸ் எக்ஸ்-கதிரில் இதைக் கண்டார். கிழிசல் பரவாமல் தடுப்பது இந்தப் படிகம்தான். அதாவது, இழுப்பு ரப்பருக்குப் பலம். ஆனால் ரப்பர் மிகவும் சூடாக இருக்கும்போது படிகமாவது குறைகிறது, கிழிசலைத் தாங்கும் சக்தி விழுகிறது. முற்றிக் கெட்டுப்போகாத ரப்பரென்றால், ஆறியதும் அந்தச் சக்தி திரும்பிவிடும். டயர் வெடிப்பது ஆறியிருக்கும்போது அல்ல, ஓடிக்கொண்டிருக்கும்போது.

அந்தச் சூடு காற்றுக் குறைவிலிருந்தும் அதிகச் சுமையிலிருந்தும் வருகிறது. ஒவ்வொரு சுற்றிலும் டயர் நசுங்கி மீளும்போது ஆற்றலில் ஒரு பங்கு வெப்பமாக உள்ளேயே தங்குகிறது. ரப்பர் அதை எளிதில் வெளியே விடாது. பட்டனும் பக்கச்சுவரும் சேரும் தடித்த தோள்பகுதியில்தான் சூடு மிகவும் தேங்கும். பின்னால் இரட்டைச் சக்கரத்தில் உள்டயரில் காற்று இறங்கினால் வெளிடயர் இரண்டின் பாரத்தையும் சுமக்கிறது. டீக்கடையில் நிறுத்தி வீல் ஸ்பேனரால் தட்டிப் பார்க்கிறார் ஓட்டுநர். தட்டுகிற ஓசையை வைத்து 110 பவுண்டையும் 80 பவுண்டையும் நம்பகமாகப் பிரித்துச் சொல்ல முடியாது. தொப்பூர் கணவாயில் இறங்கும்போது பிரேக் டிரம்மின் சூடும் விளிம்பு வழியாக டயருக்குள் ஏறுகிறது. 2018 ஜூலையில் நான்கு டயர் கொண்ட ஒற்றை அச்சின் சுமை வரம்பை மத்திய அரசு 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தியது. ஒரு டயருக்கு 325 கிலோ கூடுதல். இதில் எதற்கும் புது டயர், ரீபட்டன் என்ற பேதம் கிடையாது.

சாலையோரத் துண்டுகளுக்கு வருவோம். அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்துக்காக மிச்சிகன் பல்கலைக்கழகப் போக்குவரத்து ஆய்வு நிறுவனம் இப்படிப்பட்ட துண்டுகளைச் சேகரித்து ஆராய்ந்து 2008-இல் அறிக்கை தந்தது. ரீட்ரேடு டயர்கள் அளவுக்கு மீறி உடைகின்றன என்று அதில் தெரியவில்லை. சாலையில் கிடந்த பொருள்கள் குத்திக் கிழித்ததும், காற்றும் பராமரிப்பும் சரியில்லாததுமே பெருங்காரணங்களாக வந்தன. ஓடுபாதையில் மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் இறங்கும் பயணிகள் விமானங்களின் டயர்களும் பலமுறை ரீட்ரேடு ஆகின்றன. துண்டைக் கையில் எடுத்துப் பார்க்காமல், தூரத்திலிருந்தே குற்றவாளி யாரென்று சொல்வது ஆய்வு ஆகாது.

தடை வந்தால் நடக்கப்போவதைச் சொல்கிறேன். பத்துச் சக்கர லாரியில் பின்னால் மட்டும் 8 டயர். எட்டையும் புதிதாக மாற்ற முடியாதவர் லாரியை நிறுத்திவிட மாட்டார், தவணைத் தேதி அவரை நிறுத்த விடாது. ஒழுங்காகப் புதுப் பட்டன் ஏறியிருக்க வேண்டிய டயரை மொழுமொழுவென்று கம்பி தெரியும்வரை ஓட்டுவார், மழை பெய்த சாலையிலும்.